பல் எடுத்த அன்றே புதுவேர் வைக்கலாமா?



இந்த இதழின் பாடப் பகுதியில் ஒரு சிறிய காரியத்தைப் பற்றிப் படிக்கப் போகிறோம். சிறியது என்று சொன்னாலும், முன்பல் இல்லாமல் நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டியவருக்கு அது சிறியது அல்ல.

நம் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: “பல்லைப் பிடுங்கிய அன்றே அந்தக் குழியில் இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்கிறார்களே. அப்படியானால் நோயாளிகளை ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறீர்கள்? ஏழைக்குப் பஸ் செலவும் ஒருநாள் கூலியும் மிச்சமாகுமே!”

நியாயமான கேள்வி. சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியை நாங்களும் எங்கள் பல் மருத்துவரிடம் கேட்டோம். கேட்டதோடு நில்லாமல், அவர் பதில் சொல்லுமுன்னே ஒரு குடும்பத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டோம். அந்தத் தவற்றில் நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஆசிரியர் ஒருவரின் முன்பல்

அவர் கிராமப் பள்ளி ஆசிரியர். மேல்வரிசை நடுப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வாலிப வயதில் அடிபட்டு, பிற்பாடு வேர் சிகிச்சை செய்யப்பட்ட பல் அது. அந்தப் பல்லுக்கு மேலே ஈற்றில் ஒரு சின்னக் கொப்புளம் தோன்றுவதும் உடைவதுமாக இருந்தது. அதை அவர் பெரிதாக எண்ணவில்லை. மகளுடைய கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பல் மிகவும் தளர்ந்துவிடவே, மனைவியோடு வந்து சேர்ந்தார்.

“ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டரம்மா கேட்பார்கள். எடுத்த அன்றே புதுப்பல் வைத்துவிடச் சொல்லுங்கள். பொக்கை வாயோடு மணமேடைப் பக்கம் எப்படி நிற்பேன்?” என்றார்.

அவருடைய மனைவியின் கண்ணீரைப் பார்த்து, “கவலைப்படாதீர்கள், எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்” என்று சொல்லிவிட்டோம். அப்படிச் சொல்ல எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. மருத்துவரிடம் போய்ப் பரிந்து பேசினபோது அவர் கோபப்படவில்லை. “ஐயா, பல்லை எடுத்து, குழியைப் பார்த்த பிறகுதான் நான் சொல்ல முடியும். எக்ஸ்ரேயில் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வெளிச்சுவர் இருக்கிறதா இல்லையா என்று அதிலே தெரியாது” என்றார்.

குழிக்குச் சுவரா? அங்கேதான் எங்கள் பாடம் ஆரம்பித்தது.

பல் போனபின் குழிக்கு என்ன நேரிடுகிறது?

பல்லின் வேர் தாடையெலும்பில் ஆணி அடித்ததுபோல் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் உண்டு. அந்த நார்கள் போய்ச் சேரும் இடத்தில், குழியின் உட்புறம் முழுவதும் ஒரு மெல்லிய எலும்புப் படலம் இருக்கிறது. பல்லுக்காகவே உண்டான எலும்பு அது. பல் இருக்கும்வரை அதுவும் இருக்கும். பல் போனால் அதற்கு வேலை இல்லை, ஆகவே கரைந்துபோகும்.

குழியின் உட்புறச் சுவர், அதாவது அண்ணத்தின் பக்கத்துச் சுவர், தடிப்பானது. உதட்டுப் பக்கத்துச் சுவரோ மிகவும் மெல்லியது. மேல் முன்பற்களில் பெரும்பாலானவர்களுக்கு அதன் தடிப்பு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய சுவர் ஏறக்குறைய முழுவதுமே அந்தப் பல்லைச் சார்ந்த படலம்தான். ஆகவே பல்லை எடுத்தபின் முதலாவது கரைவது அந்தச் சுவரே. உதட்டுக்குப் பின்னால் ஈறு உள்ளே குழிந்து போவதைப் பலரிடம் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு கரையும்? டென்மார்க்கில் கடைவாய்ப் பற்களும் சிறு கடைவாய்ப் பற்களும் எடுக்கப்பட்ட 46 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்து, 2003 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் தாடை மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிட்டது.

ஒருபுறம் கரைந்துகொண்டிருக்க, மறுபுறம் குழி ஆறிக்கொண்டும் வருகிறது. முதலில் இரத்தம் உறைந்து குழியை நிரப்புகிறது. சில வாரங்களில் ஈறு மேலே மூடிக்கொள்கிறது. அதன்பின் குழிக்குள் புது எலும்பு சிறிது சிறிதாக உண்டாகி, மாதங்கள் செல்லச் செல்ல உறுதிப்படுகிறது. இந்த வேகத்தை எந்த மருத்துவரும் கூட்ட முடியாது.

முயலின் காலிலிருந்து மனிதனின் தாடைக்கு

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியம் என்னும் உலோகத்தில் செய்த சிறு திருகாணி. அதுவே பல்லுக்கு வேராக எலும்புக்குள் நிற்கும். அதன் மேலே பிற்பாடு ஒரு பல்லைப் பொருத்துவார்கள்.

இது தற்செயலாகக் கண்ட ஒரு காரியத்தில் தொடங்கியது. சுவீடன் தேசத்து மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், 1952 இல் லுண்ட் நகரத்தில் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். அதற்காக டைட்டானிய உறையிட்ட ஒரு சிறு கருவியை எலும்பில் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து அதை எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. எலும்பு அதை அவ்வளவாய்ப் பற்றிக்கொண்டிருந்தது. பிறகு கோத்தன்பர்க் நகரில் பல வருடம் சோதித்துப் பார்த்து, 1965 இல் யோஸ்டா லார்சன் என்பவருடைய கீழ்த்தாடையில் நான்கு இம்ப்ளான்டுகளை வைத்தார். அவர் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர், கீழ்த்தாடையில் பல் இல்லாதவர். 2006 இல் அவர் காலமாகும் வரைக்கும், நாற்பது வருடத்துக்கு மேல், அந்த வேர்கள் அவருக்கு உதவின. 1982 இல் கனடாவின் டொரொன்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின் இந்த முறை உலகமெங்கும் பரவியது.

பிரோனமார்க் பொறுமையான வழியையே பின்பற்றினார். பல் எடுத்த குழி பல மாதம் ஆற வேண்டும். பிறகு வேரை வைத்து ஈற்றால் மூடித் தைத்துவிட வேண்டும். கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் அதன்மேல் எந்தப் பாரமும் விழாமல் காக்க வேண்டும். அதற்குப் பின்னரே பல்.

அன்றே வைக்கும் முறை

இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி சீக்கிரமே எழுந்தது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் வில்ஃப்ரிட் ஷூல்ட்டே என்பவர், 1970-களிலேயே, பல் எடுத்தவுடன் அதே குழியில் வைப்பதற்கென்று பீங்கான் போன்ற ஒரு பொருளில் வேர் செய்தார். அமெரிக்காவில் ரிச்சர்டு லாசாரா, பல் எடுத்தவுடன் இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய திரையிட்டு எலும்பைக் காக்கும் முறையை 1989 இல் விளக்கி எழுதினார்.

அன்றே வைப்பதில் மெய்யான நன்மைகள் உண்டு. ஒரு அறுவை சிகிச்சை குறைகிறது. மரத்துப்போகும் ஊசி ஒருமுறை போதும். காத்திருக்கும் காலமும் குறைகிறது. ஆனால் இன்னொரு நம்பிக்கையும் பலருக்கு இருந்தது. குழிக்குள் உடனே ஒரு வேரை வைத்துவிட்டால், பல் இன்னும் இருக்கிறது என்று எலும்பு எண்ணிக்கொள்ளும், சுவரும் கரையாது என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் 18 பேருக்கு 21 இம்ப்ளான்டுகளைப் பல் எடுத்த அன்றே வைத்து, நான்கு மாதம் கழித்துத் திறந்து பார்த்து 2004 இல் எழுதினார்கள். வேருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி பெரும்பாலும் எலும்பால் நிரம்பியிருந்தது. அது நல்ல செய்தி. ஆனால் வெளிச்சுவரின் தடிப்பில் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. இம்ப்ளான்டைச் சுற்றி அந்தப் பழைய நார்கள் இல்லை. ஆகவே அவற்றுக்காக இருந்த படலமும் நிற்கவில்லை. உடலை ஏமாற்ற முடியவில்லை.

முன்பல்லில் இதன் விளைவு வெளியே தெரியும். சுவர் கரைந்தால் ஈறு மேலேறும். பல் நீளமாகத் தோன்றும். சிலருக்கு உலோகத்தின் சாம்பல் நிறம் ஈற்றின் வழியாய்த் தெரியும். அதை மறுபடியும் சரிசெய்வது முதல் சிகிச்சையைவிடக் கடினம்.

வைக்குமுன் பார்க்க வேண்டியவை

அப்படியானால் அன்றே வைப்பது தவறா? இல்லை. தகுந்த குழியில், தேர்ந்த கையால் வைத்தால் அது நல்ல முறைதான். எங்கள் மருத்துவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, கீழ்க்கண்டவற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

1. வெளிச்சுவர் முழுமையாக இருக்கிறதா? அது 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. விசேஷித்த ஸ்கேன் எடுத்தால் முன்னமே ஓரளவு தெரியும். ஆனாலும் பல்லை எடுக்கும்போது சுவர் உடையக்கூடும். ஆகவே கடைசி முடிவு பல் வெளியே வந்தபின்பே.

2. சீழும் வீக்கமும் இருக்கிறதா? கடுமையான தொற்று இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும்.

3. வேரைப் பிடித்துக்கொள்ள மீதி எலும்பு உண்டா? குழி எப்போதும் இம்ப்ளான்டைவிட அகலம். ஆகவே குழிக்கு அப்பாலுள்ள எலும்பிலும் அண்ணத்துப் பக்கச் சுவரிலும் திருகு இறுகப் பிடிக்க வேண்டும். முதல் நாளில் ஆடுகிற வேர் ஒட்டாது.

4. ஈறு தடிப்பானதா, மெல்லியதா? மெல்லிய ஈறு சீக்கிரம் ஏறிவிடும்.

5. நோயாளியின் சரீர நிலை என்ன? புகைபிடித்தல், கட்டுக்கடங்காத சர்க்கரை, எலும்பு நோய்க்காகச் சாப்பிடும் சில மருந்துகள், இவையெல்லாம் ஆறுதலைக் கெடுக்கும். மருத்துவரிடம் இவற்றை மறைக்கக் கூடாது.

வேரை வைக்கும்போது அதை உதட்டுச் சுவரில் சாய்க்காமல் உட்புறமாக ஒதுக்கி வைக்கிறார்கள். நடுவில் விழும் இடைவெளியில், மெதுவாகக் கரையக்கூடிய எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். இந்தத் துகள்கள் பல இடங்களில் மாட்டு எலும்பைப் பதப்படுத்திச் செய்யப்படுபவை. நோயாளிகளில் சிலருக்கு அது மனச்சாட்சியின் காரியம். செயற்கையாகச் செய்த துகள்களும் உண்டு. ஆகவே சொல்லாமல் வைப்பது முறையல்ல. கேட்காவிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் மருத்துவரின் வழக்கம்.

அன்றே வேர் வேறு, அன்றே பல் வேறு

இவ்விரண்டையும் நம்மில் அநேகர் ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். பல் எடுத்த குழியில் அன்றே வேரை வைப்பது ஒரு முடிவு. அந்த வேரின்மேல் அன்றே ஒரு பல்லைப் பொருத்துவது இன்னொரு முடிவு.

முதல் நாளில் இம்ப்ளான்ட் நிற்பது திருகின் இறுக்கத்தால் மாத்திரமே. அடுத்த சில வாரங்களில், திருகு அழுத்திய பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு வந்து பற்ற வேண்டும். பழைய பிடி தளர்ந்து புதுப் பிடி இன்னும் வராத அந்த மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் வேர் மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது வலியும் இராது. “எல்லாம் சரியாகிவிட்டது” என்று எண்ணி நோயாளி முறுக்கையோ கரும்பையோ கடித்துவிடுவார்! ஆகவே முதல் நாளில் பல் பொருத்தினாலும், அது பார்வைக்கு மாத்திரம். எதிர்ப்பல் அதன்மேல் படாதபடி குட்டையாகச் செய்து, அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று எச்சரித்து அனுப்புவார்கள்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019 இல் வெளியான ஒரு கணக்கில், ஒற்றைப் பல்லுக்காக அன்றே வைத்த இம்ப்ளான்டுகளில் 94.9 சதவீதமும், ஆறவிட்டு வைத்தவற்றில் 98.9 சதவீதமும் நிலைத்திருந்தன. இரண்டுமே நல்ல எண்கள். ஆனால் இதைத் திருப்பிப் பாருங்கள். நூறு பேரில் ஒருவர் இழப்பதற்கும் ஐந்து பேர் இழப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கடன் வாங்கிச் சிகிச்சைக்கு வந்த ஏழை அந்த ஐந்து பேரில் ஒருவராக இருந்தால், மிச்சம்பிடித்த பஸ் செலவு அவருக்கு எதற்கு?

ஆசிரியருக்கு நடந்தது

குறித்த நாளில் பல்லை எடுத்தார்கள். வேர் நெடுக விரிந்திருந்தது. அந்தப் பிளவின் வழியாக வருடக்கணக்காகச் சீழ் வடிந்து, வெளிச்சுவரை அரித்துவிட்டிருந்தது. ஈற்றிலிருந்த கொப்புளத்துக்கு அதுவே காரணம். மருத்துவர் எங்களை அழைத்துக் காண்பித்தார். குழிக்கு மூன்று பக்கமே சுவர் இருந்தது. உதட்டுப் பக்கம் திறந்து கிடந்தது.

“இதிலே இன்று வைத்தால் கல்யாணப் போட்டோவில் அழகாக இருக்கும் ஐயா. அடுத்த வருடம் ஈறு ஏறி, இவர் என்னைத் தேடி வருவார்” என்றார்.

வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். ஆகவே வெளியே காத்திருந்த மனைவியிடம் போய், “நாங்கள் தெரியாமல் சொல்லிவிட்டோம், மன்னியுங்கள். இன்றைக்கு வேர் வைக்க முடியாது” என்று சொன்னோம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்வதே எங்கள் வேலை. ஆனால் அன்று அவர்களுடைய துக்கத்துக்கு எங்கள் ஆறுதல் வார்த்தையே காரணமாயிருந்தது.

மருத்துவர் அவரைப் பொக்கை வாயோடு அனுப்பவில்லை. எடுத்த பல்லின் வேரை வெட்டிவிட்டு, மேற்பகுதியை மாத்திரம் சுத்தம் செய்து, இருபக்கத்துப் பற்களோடும் பசைகொண்டு ஒட்டிவிட்டார். கல்யாணத்தன்று ஆசிரியர் தம் சொந்தப் பல்லோடுதான் நின்றார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கவனமாக மென்றார். எட்டு வாரம் கழித்து ஈறு நன்றாக மூடி, சீழ் முற்றிலும் நீங்கினபின், இம்ப்ளான்டை வைத்து, இல்லாத வெளிச்சுவருக்குப் பதிலாக எலும்புத் துகள்களை வைத்துக் கட்டினார்கள். ஆறு மாதத்துக்குப் பின் நிலையான பல் வந்தது. இன்றும் அவர் வகுப்பில் சிரித்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்.

அதே வருடத்தில் தையல் வேலை செய்யும் சகோதரி ஒருவர் வந்தார். மேல்வரிசையில் சிறு கடைவாய்ப்பல் ஈற்றுக்குக் கீழே உடைந்திருந்தது. சீழ் இல்லை. புகைப்பழக்கமோ சர்க்கரையோ இல்லை. பல்லை மெதுவாக அசைத்து எடுத்தபோது நான்கு சுவர்களும் அப்படியே இருந்தன. அவருக்கு அன்றே வேர் வைத்தார்கள். நான்கு மாதம் பல் இல்லாமல் ஆறவிட்டு, பின்பு பல்லைப் பொருத்தினார்கள். அவருக்கு அன்றே வைத்ததும் சரி, ஆசிரியருக்கு வைக்காமல் விட்டதும் சரி.

இன்று மருத்துவர்கள் இதை நான்கு காலங்களாகப் பிரிக்கிறார்கள். பல் எடுத்த அன்றே வைப்பது ஒன்று. ஈறு மூடினபின், நான்கு முதல் எட்டு வாரத்தில் வைப்பது இரண்டு. குழிக்குள் ஓரளவு எலும்பு வந்தபின், பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்தில் வைப்பது மூன்று. குழி முழுவதும் ஆறினபின் வைப்பது நான்கு. ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது அல்ல. எந்தக் குழிக்கு எந்தக் காலம் என்பதே கேள்வி. அதிகமாய்க் காத்திருப்பதும் நல்லதல்ல, எலும்பு கரைந்துகொண்டே போகும்.

வாசகருக்கு எங்கள் பதில்

அன்றே வைப்பதால் ஒரு அறுவையும் சில வாரங்களும் மிச்சமாகும். எலும்பு பற்றிக்கொள்ள வேண்டிய மாதங்கள் மிச்சமாகாது. ஆகவே, “அன்றே வைக்கிறோம்” என்று பல்லைப் பார்க்குமுன்னே யாராவது உறுதி சொன்னால், சற்று யோசியுங்கள். “முயற்சி செய்வோம், குழியைப் பார்த்து முடிவு செய்வோம்” என்று சொல்கிறவரை நம்புங்கள். இன்னும் ஒன்று: வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல்லை, புதுவேர் வைக்கும் ஆசையில் எடுத்துவிடாதீர்கள். ஈற்றில் வரும் சிறு கொப்புளத்தையும் அசட்டை செய்யாதீர்கள். ஆசிரியர் ஐந்து வருடம் முன்னே அதைக் காட்டியிருந்தால், சுவராவது மிஞ்சியிருக்கும்.

எங்களைப்போல் நோயாளிகளின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறுதல் சொல்வது நல்லது. ஆனால் மருத்துவர் இன்னும் பார்க்காததைப் பார்த்தவர்போல் வாக்குக் கொடுப்பது ஆறுதல் அல்ல. இப்பொழுதெல்லாம், “கூடவே இருப்போம்” என்று மாத்திரம் சொல்கிறோம். அதை எங்களால் நிறைவேற்ற முடியும்.

குடும்பமாய்க் கலந்து பேச

1. பல் எடுத்தபின் உதட்டுப் பக்கத்துச் சுவர் முதலில் கரைவது ஏன்?

2. அன்றே வேர் வைப்பதற்கும் அன்றே பல் பொருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் என்ன?

3. நம் வீட்டில் சர்க்கரை நோயோ புகைப்பழக்கமோ உள்ளவர் பல் எடுக்கப் போகுமுன், மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

4. நோயாளியைத் தேற்றுவதற்காக, நமக்குத் தெரியாத ஒன்றை உறுதியாகச் சொன்னது உண்டா? அது எப்படி முடிந்தது?